காணிக்கு உறுதி, கூலிக்கு எது?

மாத்தளை மாவட்டத்தின் லக்கல – பல்லேகம பகுதியில் இன்று இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், களு கங்கையை அண்டி, வயலும் சேனையும் கடைத்தெருவுமாக இருந்த பழைய பல்லேகம. மற்றது, அதற்குப் பதிலாகக் கட்டி 2018இல் திறந்துவைக்கப்பட்ட புதிய லக்கல நகரம். அதே 2018இன் ஜூலை மாதம் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. அம்பன் கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் அதற்கு முந்திய ஆண்டே நிரம்பத் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒரே திட்டம். அந்த நீர் வரண்ட வலயத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்ட காலத்தில் பழைய தெல்தெனியா நகரம் நீருள் மறைந்ததை நேரில் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் போக இன்னொருவருடைய வயல் தண்ணீருக்குள் போவது இந்நாட்டுக்குப் புதிதல்ல.

பல்லேகமவில் காணி இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல, போரினால் வயலையும் வளவையும் விட்டு வந்தவை. காரணம் வேறானாலும் அதற்குப் பின் நடந்தது ஒன்றுதான். விவசாயியாக இருந்தவர் கூலியாளாகிறார். அவருடைய மகன் கட்டட வேலைக்கும் மகள் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தோம். இழப்பீட்டைப் பற்றியும் மாற்றுக் காணியைப் பற்றியும் எமது கூட்டங்களில் நிறையப் பேசியாயிற்று. காணியை விட்டபின் கையில் எஞ்சுவது உழைப்பு ஒன்றே. அந்த உழைப்புக்கு என்ன சட்டம் இருக்கிறது என்பதைப் பற்றி நாம் போதியளவு பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விவசாயிக்குப் பத்திரத்தின் பெறுமதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயரும்போது சட்டி பானையை விட்டுவிட்டுக் காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அதே தாயின் மகன் மூன்று வருடம் ஓரிடத்தில் வேலை செய்துவிட்டு, அங்கே வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் வந்து நிற்கிறான். வயலில் நெல்லே சாட்சி. கூலி வேலையில் அப்படி எதுவும் முளைத்து நிற்பதில்லை.

அப்படி வந்து நின்ற ஒருவரின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. திட்டத்தையும் ஒப்பந்தக்காரரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. மேசன்மாருக்குக் கையாளாக ஓர் உப ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் கூலி கையில் கிடைத்தது. நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. மூன்று வருடம் ஓடியது. ஒரு சனிக்கிழமை, "வேலை முடிஞ்சுது, திங்கள் வரவேண்டாம்" என்றார்கள். கடைசி வாரக் கூலியைக் கொடுக்குமுன் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு வேறிடங்களில் வேலை தேடி அலைந்து, எட்டு மாதம் கழித்து எமது நிலையத்துக்கு வந்தார்.

அவருக்கு அப்போது தெரியாதிருந்தவற்றையே கீழே எழுதுகிறோம். வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, வேலை கொடுப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

நாட்கூலிக்கும் சேமலாப நிதி உண்டு

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படும். தொழில் தருநர் தம் பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும். இரண்டுமாக 20 வீதம் மத்திய வங்கியில் தொழிலாளியின் பெயரில் சேரும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். இந்த மூன்று வீதம் முழுவதும் தொழில் தருநரின் பங்கு. இதில் ஒரு சதத்தையும் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்க முடியாது.

எமது மக்களிடம் ஆழமாக வேரூன்றிய ஒரு தப்பெண்ணம் உண்டு. "நாங்கள் நாட்கூலி, நிரந்தரமில்லை, எங்களுக்கு ஈ.பி.எவ். கிடையாது" என்பார்கள். தொழில் தருநர்களும் அதையே சொல்வார்கள். இது தவறு. நிரந்தரம், தற்காலிகம், பயிலுநர், துண்டு வேலை, அமைய வேலை என்ற வேறுபாட்டை இச்சட்டம் பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து உரிமை தொடங்குகிறது. ஒரேயொருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் தொழில் தருநர் தொழில் தருநரே. வீட்டு வேலைக்காரர், குடும்பத்தவர் மட்டுமே சேர்ந்து நடத்தும் தொழில், பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தரும நிறுவனம் என்று சில விலக்குகள்தான் உண்டு. (கடைசியாகச் சொன்ன விலக்கு எம்மைப் போன்ற நிலையங்களுக்கு வசதியானது. எமது சமையல்காரருக்கும் காவலாளிக்கும் அந்த வசதியைக் காட்டி நிதி செலுத்தாமல் விட்ட இடங்கள் திருச்சபைக்குள்ளும் உண்டு. மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கப் புறப்படுமுன் நமது வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 2,000 ரூபா கூலிக்கு ஒரு மாதத்தில் 22 நாள் வேலை செய்தால் சம்பளம் 44,000 ரூபா. அதில் 8 வீதமான 3,520 ரூபா கழிந்து 40,480 ரூபா கையில் கிடைக்கும். தொழில் தருநர் தம் பங்காக 5,280 ரூபா சேர்க்க வேண்டும். ஆக அந்த ஒரு மாதத்துக்கு 8,800 ரூபா தொழிலாளியின் பெயரில் சேமலாப நிதிக்குப் போகும். நம்பிக்கை நிதிக்கு வேறாக 1,320 ரூபா. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் சாப்பாடு கொடுத்து அதற்காகக் கூலியைக் குறைத்திருந்தால் அந்தச் சாப்பாட்டின் பெறுமதி சம்பளத்தோடு சேரும். "சாப்பாடு போட்டுத்தானே சம்பளம்" என்று சொல்லித் தப்ப முடியாதபடி சட்டம் இதை அன்றே யோசித்திருக்கிறது.

ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்திவிட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் அது செலுத்தாத தொகையின் பாதியளவாகும்.

சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் தொழிலை விடும்போது இந்தப் பணத்தைப் பெறலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணும், நிரந்தரமாக உழைக்க முடியாமற் போனவரும் முன்னரே பெறலாம். உறுப்பினர் இறந்துவிட்டால் அவர் பெயர் குறித்தவருக்கு அல்லது உரித்தாளிக்குப் போகும்.

பெயரில் வரும் வினை

சட்டத்தைவிடச் சின்ன விடயம் ஒன்றிலேயே எமது மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள். அது பெயர்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது பெயர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் ஒருவர் கேட்டு எழுதுகிறார். அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார். "லெட்சுமி" என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் இன்னொரு குழப்பம். தோட்டப்புறத்தில் வீட்டுப் பெயரே பதிவுப் பெயராகி, சான்றிதழ்ப் பெயர் மறந்தே போயிருக்கும். இடம்பெயர்ந்தவர்களுக்கோ சான்றிதழே இருக்காது. இருபது வருடம் பணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருந்தும், 55 வயதில் 'கே' படிவத்தை நிரப்பும்போது "இந்தப் பெயரும் நீங்களும் ஒருவரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த உத்தியோகத்தரையும் குறை சொல்ல முடியாது. ஒருவருடைய பணத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவருடைய உத்தியோகம் போய்விடும்.

பெயரைத் திருத்த வேண்டிய காலம் வயது போன பின்பு அல்ல. வேலையில் சேரும் மாதமே. அடையாள அட்டையில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து, அட்டை இலக்கத்தையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். உறுப்பினர் இலக்கத்தையும் தொழில் தருநரின் இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். ஏற்கனவே பிழையாகப் பதிந்திருந்தால், தொழில் தருநரிடம் இருந்து திருத்தக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடும் சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசியும் கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்தை அணுகலாம். தொழில் தருநர் கடையை மூடிவிட்டுப் போகுமுன் இதைச் செய்தால் எளிது. போன பின் செய்தால் இழுபடும். பழைய சான்றிதழ் தொலைந்தவர்கள் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பெறும் வேலையை இன்றே தொடங்கலாம். இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. பஸ் காசும் பொறுமையும் தேவை.

ஆகக் குறைந்த சம்பளமும் வயதும்

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் முதன்முறையாக நாடு முழுவதற்கும் தேசிய ஆகக் குறைந்த சம்பளம் ஒன்றை வைத்தது. அப்போது அது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா. பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாவாகவும், அதாவது நாளுக்கு 1,200 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. இதற்கு மேலாக, 1941ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் கீழ் கட்டட வேலை, செங்கல் ஓடு செய்தல், நெல் குற்றுதல், மிளகு கொக்கோ ஏலம் பயிரிடுதல் போன்ற தனித்தனித் தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் உண்டு. மாத்தளையில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அவற்றைக் கேட்டறிய வேண்டும். சபையின் தீர்மானம் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் செய்த திருத்தத்தின் பின் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது ஆக வேண்டும். இடம்பெயர்ந்த முகாம்களிலும் மீள்குடியேற்றங்களிலும் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புத்தான் என்பதை நாம் அறிவோம். "சும்மா நிற்கிறான், கடையில் நிற்கட்டும்" என்று கேட்கும் தகப்பனும் சரி, இரக்கத்தில் வைத்துக்கொள்ளும் கடைக்காரரும் சரி, இருவருமே இதை அறிந்திருக்க வேண்டும்.

நாமே தொழில் தருநரானால்

இனி, முன்னர் சொல்வதாகச் சொன்ன விடயத்துக்கு வருவோம். புதிய நகரங்களில் நாம் கண்ட ஒன்று உண்டு. இழப்பீட்டுப் பணத்தில் ஒருவர் பலசரக்குக் கடை போடுகிறார். இன்னொருவர் சீமெந்துக் கல் அரியும் பட்டறை தொடங்குகிறார். ஒருவர் உழவு இயந்திரம் வாங்கி ஓட்டுநர் ஒருவரை வைக்கிறார். நேற்றுவரை விவசாயி, இன்று தொழில் தருநர். ஆனால் அவருக்கு அது தெரியாது. ஊரில் வயல் வேலைக்கு அயலவர் ஒருவருக்கொருவர் கைம்மாற்றாக உழைத்தார்கள். சிங்கள ஊர்களில் அதை 'அத்தம்' என்பார்கள். எமது ஊர்களிலும் இருந்தது. அங்கே கணக்கு மனத்தில் இருந்தது. கடை வேறு. கடையில் நிற்கும் பிள்ளை தன் நேரத்தை விற்கிறாள்.

எமக்குத் தெரிந்த ஒருவர், தானும் காணியை இழந்தவர், மிக நல்ல மனிதர். கடை போட்டு அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தியை வைத்தார். ஆறு வருடம் வேலை செய்தாள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உடுப்பு எடுத்துக் கொடுத்தார். தாய்க்கு வருத்தம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தமது வண்டியில் ஏற்றிப் போனார். கலியாணம் சரிவந்து வேலையை விட்டபோது அவள் சேமலாப நிதியைக் கேட்டாள். அவர் திகைத்துவிட்டார். "எங்கட பிள்ளை மாதிரித்தானே வைச்சிருந்தன், பாதர்" என்றார் எம்மிடம். அவருடைய மனத்தாங்கல் உண்மையானது. அவளுடைய உரிமையும் உண்மையானது.

ஆறு வருடத்துச் சராசரிச் சம்பளம் மாதம் 20,000 ரூபா என்று வைத்தால் 72 மாதத்துக்கு 1,440,000 ரூபா. அதில் 20 வீதம் 288,000 ரூபா. நம்பிக்கை நிதி 43,200 ரூபா. ஆக 331,200 ரூபா, மேலதிகக் கட்டணம் வேறு. மாதா மாதம் கட்டியிருந்தால் அவருடைய பங்கு 3,000 ரூபாதான். அவளுடைய பங்கு 1,600 ரூபா. இந்தச் சின்னக் கணக்கை அவருக்கு முன்னரே ஒருவரும் சொல்லவில்லை. நாமும்தான் சொல்லவில்லை. அவர் கடையின் பின்புறம் கட்டத் தொடங்கிய அறையை அப்படியே நிறுத்தி, தவணை முறையில் கட்டினார். இரு வீட்டாரும் கொஞ்சக் காலம் பேசாமல் இருந்தார்கள்.

ஆகவே கடைக்காரருக்குச் சொல்கிறோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலைக்குச் சேர்ப்பவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. வருடாந்த விடுமுறை 14 நாள். அமைய விடுமுறை 7 நாள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கொடுத்துவிட வேண்டும். நியமனக் கடிதம் என்றதும் பயப்பட வேண்டாம். பெயர், வேலை, தொடங்கிய திகதி, சம்பளம், நேரம், விடுமுறை – இவற்றை ஒரு பக்கத்தில் இருவரும் அறிந்த மொழியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். பிணக்கு வரும் நாளில் அந்த ஒரு பக்கம் வேலை செய்தவருக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு கடைக்காரருக்கும் உதவும்.

வேலை நிறுத்தப்படும்போது

இங்கேதான் நியாயம் அதிகம் தவறுகிறது. இரண்டு தரப்பிலும்.

சராசரியாகப் பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமாக இருந்து, ஒருவர் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால், "வேலை இல்லை" என்ற காரணத்துக்காக அவரை நினைத்தபடி நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இரண்டில் ஒன்றைக் கேட்கிறது: தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. ஒழுக்கக் குற்றத்துக்காக நிறுத்தினால் இந்த அனுமதி தேவையில்லை; ஆனால் காரணத்தை எழுத்தில், இரண்டாவது வேலை நாள் முடியுமுன் அவருக்கு அறிவிக்க வேண்டும்.

'எழுத்து மூலமான சம்மதம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். எமது இளைஞர் கடைசி வாரக் கூலிக்காக ஒப்பமிட்டுக் கொடுத்த தாள் எது என்பது இப்போது விளங்கும். தமது சொந்த விருப்பத்தில் விலகுவதாகவும் கணக்கு முழுவதும் தீர்ந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். "ஒருநாள் பொறுங்கள், வாசித்துக் காட்டிக் கொண்டுவருகிறேன்" என்று கேளுங்கள். மறுத்தால், கையொப்பத்தின் கீழே "வாசித்து விளங்காமல் ஒப்பமிட்டேன், கூலி மட்டும் பெற்றேன்" என்று தமிழில் எழுதித் திகதி போடுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தொழில் அலுவலகத்துக்குத் தமிழில் முறைப்பாடு எழுதலாம். தமிழில் பதில் கேட்கலாம்.

பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவருக்கும் வழி உண்டு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழில் நியாயசபைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். சபை சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீதியும் நியாயமும் எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்கும். மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், அல்லது நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். தொழிலாளி தாமே தோன்றலாம். தொழிற்சங்கப் பிரதிநிதி மூலமோ சட்டத்தரணி மூலமோ தோன்றலாம். ஆனால் வேலை நிறுத்தப்பட்ட நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.  "பார்ப்போம், திரும்பக் கூப்பிடுவார்கள்" என்று காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

தொழில் தருநர் சபையில் வழமையாகச் சொல்லும் பதில், "நான் நிறுத்தவில்லை, அவராகத்தான் வராமல் விட்டார்" என்பது. அப்படிச் சொன்னால், நிறுத்தப்பட்டதைத் தொழிலாளிதான் முதலில் நிரூபிக்க வேண்டிவரும். நிறுத்தியதை ஒப்புக்கொண்டால், நியாயமாகத்தான் நிறுத்தினேன் என்று காட்டும் பொறுப்பு தொழில் தருநருக்கு. இதனால் இருவருக்கும் ஒரு புத்தி சொல்கிறோம். "வரவேண்டாம்" என்று சொல்லப்பட்டவர் இரண்டொரு நாளுக்குள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பட்டும்: "இன்ன திகதியில் இன்னார் வரவேண்டாம் என்றார், நான் வேலைக்கு வரத் தயார்." ஆள் உண்மையாகவே வராமல் விட்டால், தொழில் தருநர் அவருடைய கடைசி விலாசத்துக்குப் பதிவுத் தபாலில், இன்ன திகதிக்குள் வேலைக்குத் திரும்பும்படி எழுதட்டும். களவு, கைகலப்பு என்று குற்றம் இருந்தால், குற்றத்தை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரித்த பின்பே முடிவு எடுக்கட்டும். கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக இரண்டு மூன்று வருடம் வழக்குக்கு அலைந்த சிறு முதலாளிமார் உண்டு.

ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு 14 நாட் கூலி. நாளுக்கு 2,000 ரூபா பெற்று எட்டு வருடம் வேலை செய்தவருக்கு 224,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமாகவே விலகியவருக்கும் இது உரியது.

வேலையில் காயம் பட்டால் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது; 1934இல் வந்த பழைய சட்டம். 2022இல் திருத்தி, ஆகக் கூடிய நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தார்கள். விபத்து நடந்த அன்றே ஆஸ்பத்திரியில் "வேலை செய்யும் இடத்தில் நடந்தது" என்று பதியச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு, செலவை நான் பார்க்கிறேன்" என்று மேற்பார்வையாளர் காதுக்குள் சொல்வார். அந்த வார்த்தைக்கு மசிந்தவர்களுக்குப் பின்னர் செலவும் கிடைப்பதில்லை, நட்டஈடும் கிடைப்பதில்லை.

சட்டத்தரணிகளிடமும் ஒரு வேண்டுகோள். காணி வழக்குக்குக் காட்டும் அக்கறையை இந்தச் சிறிய வழக்குகளுக்கும் காட்டுங்கள். வசதியற்றவர்களை, 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கேனும் வழிகாட்டி அனுப்புங்கள். உங்களிடம் வருபவருக்கு வேலை போன திகதியை முதலில் கேளுங்கள். ஆறு மாதத்தில் எத்தனை நாள் மிச்சம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

நாட்காட்டியில் இருந்த சாட்சி

எமது இளைஞரின் கதைக்குத் திரும்புவோம். எட்டு மாதம் கடந்ததால் நியாயசபையின் கதவு அடைபட்டுவிட்டது. ஆனால் சேமலாப நிதி செலுத்தப்படவில்லை என்று தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய இன்னும் வழியிருந்தது. வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அவரிடம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் தாய் பழைய நாட்காட்டிகளைக் கொண்டு வந்தார். சுவரில் தொங்கும், கடைக்காரர் புதுவருடத்துக்குக் கொடுக்கும் நாட்காட்டி. மகன் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் அவர் பென்சிலால் வட்டமிட்டு, சனிக்கிழமைகளின் கீழே அவன் கொண்டுவந்து தந்த காசை எழுதியிருந்தார். சட்டத்துக்காக அல்ல, சீட்டுக் கட்டவும் கடைக்கடன் கொடுக்கவும் கணக்குப் பார்ப்பதற்காக. மூன்று நாட்காட்டியில் ஒன்றின் பின்பகுதியை எலி தின்றிருந்தது. தொழில் உத்தியோகத்தர் அவற்றை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். கூட வேலை செய்த இருவர் வந்து சொன்னார்கள். கூலி கொடுத்தது யார், வேலை ஏவியது யார், "வரவேண்டாம்" என்று சொன்னது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். உப ஒப்பந்தக்காரர் முதலில் ஆளையே தெரியாது என்றார். பின்னர் சில மாதம்தான் என்றார். கடைசியில் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்.

எலி தின்ற மாதங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மிகுதியை மூன்று தவணையில் செலுத்துவதாக எழுதிக் கொடுத்தார். இரண்டு தவணை செலுத்தப்பட்டுவிட்டது. மூன்றாவதற்காகத் தாயும் மகனும் மறுபடியும் அலுவலகத்துக்குப் போய்வருகிறார்கள். மகன் இப்போது வேறொரு மேசனிடம் வேலை செய்கிறார். நாட்காட்டியை விட்டுவிட்டு ஒரு கொப்பி வாங்கியிருக்கிறார்; சனிக்கிழமைகளில் காசை வாங்கியதும் மேசனிடமே பேனையைக் கொடுத்து அதில் ஒப்பமிடச் சொல்கிறார். முதல் இரண்டு கிழமை மேசன் சிரித்தாராம்.